தீர்ப்பு உள்ளூரில், செலவு தலைநகரில்

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் புகைப்படம் இடம்பெறுவது அபூர்வம். 2011 மே 23 அன்று நீதிபதி ஆந்தனி கென்னடி எழுதிய தீர்ப்பின் பின்னிணைப்பில் மூன்று படங்கள் இருந்தன. மூன்றும் கலிபோர்னியா மாநிலச் சிறைகளில் எடுத்தவை. இரண்டில், விளையாட்டுக் கூடம் முழுக்க அடுக்குக் கட்டில்கள். இடுக்கு இடுக்காகக் கைதிகள். மூன்றாவது படத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவே உள்ள இரும்புக் கூண்டுகள். தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் கைதியை, மனநலப் படுக்கை ஒன்று காலியாகும்வரை அதில்தான் நிறுத்திவைப்பார்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. ஏறக்குறைய 24 மணி நேரம் அப்படி நின்ற ஒருவர், தன் சிறுநீரிலேயே நின்றபடி, கூப்பிட்டாலும் பதில் சொல்லாத நிலையில் இருந்ததைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. அவரை வைக்க வேறு இடமில்லை என்பதுதான் அதிகாரிகள் சொன்ன விளக்கம்.

சுமார் 80,000 பேருக்காகக் கட்டப்பட்ட சிறைகளில் அப்போது ஏறத்தாழ இரண்டு மடங்குப் பேர் இருந்தார்கள். ஒரே கழிப்பறையை 54 பேர் வரை பயன்படுத்தினார்கள். முறையான சிகிச்சை இல்லாததால் ஆறேழு நாளைக்கு ஒரு கைதி அநியாயமாகச் சாகிறார் என்று கீழ் நீதிமன்ற நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் 2005-லேயே கண்டறிந்திருந்தார். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்ற உத்தரவை உறுதி செய்தது: இரண்டு ஆண்டுகளுக்குள், கைதிகளின் எண்ணிக்கை கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குக் குறைய வேண்டும்.

ஆளுநர் ஜெர்ரி பிரவுன் இதை எதிர்பார்த்தே இருந்தார். தீர்ப்புக்கு ஏழு வாரம் முன்பே, ஏப்ரல் 4 அன்று, ஏ.பி. 109 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டார். அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். நம் மாவட்டங்களைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே அரசு வழக்கறிஞரையும் ஷெரிஃபையும் மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஷெரிஃப் நடத்துவது கவுண்டி ஜெயில். விசாரணைக் கைதிகளும் ஓராண்டு வரை தண்டனை பெற்றவர்களும் அங்கே இருந்தார்கள். அதற்கு மேல் என்றால் மாநிலச் சிறை. புதிய சட்டப்படி, வன்முறை, பாலியல், கடுங்குற்றம் என்ற மூன்றிலும் சேராத குற்றவாளிகள், எத்தனை ஆண்டுத் தண்டனையானாலும், பெரும்பாலும் கவுண்டி ஜெயிலுக்கே போக வேண்டும். சிறையிலிருந்து வெளியே வருபவர்களில் இந்த வகையினரைக் கண்காணிக்கும் வேலையும் மாநில பரோல் துறையிடமிருந்து கவுண்டியின் நன்னடத்தைத் துறைக்குப் போனது. பரோல் நிபந்தனையை மீறினால் மறுபடி மாநிலச் சிறை என்ற சுழலும் பெரும்பாலானவர்களுக்கு நின்றது.

இந்த மாற்றத்தின் அடிப்படை நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதுவரை நடந்தது என்ன? யாரை எந்தப் பிரிவில் வழக்குப் போட்டு எத்தனை ஆண்டு கேட்பது என்று முடிவெடுப்பவர் கவுண்டியின் வழக்கறிஞர். தண்டிப்பவர் அதே ஊர் நீதிபதி. கைதியைப் பல ஆண்டுகள் வைத்துச் சோறு போட்டு மருத்துவம் பார்க்கும் செலவு மட்டும் தலைநகர் சேக்ரமென்டோவின் தலையில். அதே ஆளை ஊரிலேயே கண்காணிப்பில் வைத்து, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கொடுத்தால் அந்தச் செலவு கவுண்டியுடையது. கையைக் கடிக்காத வழி சிறைதான் என்றால் எந்த நிர்வாகம் வேறு வழி தேடும்? குற்றவியல் அறிஞர்கள் ஃபிராங்க்ளின் ஸிம்ரிங்கும் கார்டன் ஹாக்கின்ஸும் 1991-லேயே இதைக் கவுண்டிகளுக்குக் கிடைக்கும் இலவசச் சாப்பாடு என்று வர்ணித்துவிட்டார்கள்.

இளம் குற்றவாளிகள் விஷயத்தில் இதற்குச் சான்றும் இருந்தது. 1996-ல் மாநிலத்தின் சிறார் காவல் இல்லங்களில் சுமார் 10,000 பேர். சிறிய குற்றங்களுக்காகப் பிள்ளைகளை அனுப்பும் கவுண்டிகள் செலவில் பெரும்பங்கு தர வேண்டும் என்று அந்த நேரத்தில் விதி வந்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

ஏ.பி. 109-லும் நிர்வாகக் கணக்கு பலித்தது. முதல் ஆண்டிலேயே மாநிலச் சிறைகளில் ஏறக்குறைய 27,000 பேர் குறைந்தார்கள். அத்தனை பேரும் இடம் மாறி ஜெயிலில் அடைபடவில்லை. மூன்று பேர் குறைந்தால் ஜெயிலில் ஒருவர் கூடினார் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. கைதிகளைக் குறைத்தால் அப்பாவிகள் பலியாவார்கள் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி சாமுவேல் அலிட்டோ எச்சரித்திருந்தார். இந்த மாற்றத்தால் வன்முறைக் குற்றங்கள் கூடியதற்கு ஆய்வாளர்கள் சான்று காணவில்லை. கார் திருட்டு கூடியது, அதை மறைப்பதற்கில்லை. 2015 தொடக்கத்தில் சிறைகள் நீதிமன்றம் விதித்த வரம்புக்குள் வந்துவிட்டன.

என் கவலை எல்லாம் பொறுப்பு போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றியது. கவுண்டி ஜெயில் சில நாள், சில மாதம் தங்குவதற்காகக் கட்டியது. பல ஜெயில்களில் கால் வீசி நடக்க மைதானம் இல்லை. கற்றுக்கொள்ளத் தொழிற்கூடம் இல்லை. மனைவி, பிள்ளைகளைப் பார்ப்பதானால் நடுவே கண்ணாடி. பேச்சு ரிசீவர் வழியே. அந்தக் கட்டடத்துக்குள் ஐந்து, பத்து ஆண்டுத் தண்டனைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். விற்பனை வரியிலும் வாகனக் கட்டணத்திலும் ஒரு பங்கு கவுண்டிகளுக்குப் போனது. 2012 நவம்பரில் வாக்காளர்கள் அந்த நிதிக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பும் தந்தார்கள். ஆனால் அதை எப்படிச் செலவிடுவது என்பது பெரும்பாலும் கவுண்டியின் விருப்பம். தண்டனையைப் பிரித்து, பாதி ஜெயிலிலும் மீதி கண்காணிப்பிலும் கழிக்க வைக்கும் முறையை கான்ட்ரா கோஸ்டா கவுண்டி பெருமளவில் கையாண்டது. லாஸ் ஏஞ்சலஸில் மிகச் சிலருக்கே அது கிடைத்தது. ஒரே குற்றம், ஒரே சட்டம். பிடிபட்ட ஊரைப் பொறுத்துத் தலையெழுத்து மாறியது.

மாநிலச் சிறைகளின் மருத்துவத்துக்காகப் போராடிய அதே சட்ட அலுவலகம், 2011 முடிவதற்குள் ஃப்ரெஸ்னோ கவுண்டி ஜெயிலின் மருத்துவத்தை எதிர்த்து வழக்குப் போட வேண்டியிருந்தது. 2013-ல் ரிவர்சைடு. சான் டியேகோ கவுண்டி ஜெயில்களில் 2006 முதல் 2020 வரை 185 பேர் இறந்ததை மாநிலத் தணிக்கையாளர் 2022-ல் வெளியிட்டார். அவ்வளவு சாவும் இந்தச் சட்டத்தால் வந்ததல்ல. பல அதற்கு முந்தியவை. அப்படிப்பட்ட இடத்துக்கு மேலும் ஆட்களை அனுப்பினார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. குறைந்தபட்ச விதிகளை வகுக்கும் மாநில வாரியம் ஒன்று உண்டு. வயது வந்தோர் ஜெயில் அந்த விதிகளை மீறினால், அதை மூடவோ தண்டிக்கவோ வாரியத்துக்கு அதிகாரம் இல்லை.

சிறார்களுக்கு நேர்ந்தது இன்னும் வலிக்கிறது. 2023 ஜூன் 30 அன்று மாநிலத்தின் கடைசி சிறார் காவல் இல்லங்களும் மூடப்பட்டன. முழுப் பொறுப்பும் கவுண்டிகளுக்கு. லாஸ் ஏஞ்சலஸில் லாஸ் பட்ரினோஸ் என்ற சிறார் இல்லம் திரும்பத் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளை மோதவிட்டு வேடிக்கை பார்த்ததாக 2025 மார்ச்சில் 30 அலுவலர்கள் மீது குற்றச்சாட்டு பதிவானது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளை திருந்துவான், தாய் வந்து பார்ப்பாள் என்ற நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம் அது.

2023-ல் நிறைவேறிய ஒரு சட்டத்தால், ஜெயில் மரணங்களை ஆராய மாநில அளவில் ஓர் அதிகாரி 2024 ஜூலை முதல் செயல்படுகிறார். அவர் பரிந்துரைக்கலாம், ஷெரிஃபுக்கு உத்தரவிட முடியாது. 2024 நவம்பரில், சில திருட்டு, போதைக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் 36-வது பிரேரணையை வாக்காளர்கள் பெரும் ஆதரவுடன் நிறைவேற்றினார்கள். ஜெயில்களுக்கு மேலும் ஆட்களை அனுப்பக்கூடிய அந்தப் பிரேரணையில் கவுண்டிகளுக்கென நிதி எதுவும் ஒதுக்கவில்லை. கூடுகிற ஒவ்வொரு படுக்கைக்கும் மாநிலம் பணம் தர வேண்டும். அந்த மரண ஆய்வு அதிகாரிக்கு உத்தரவிடும் உரிமையையும் சட்டமன்றம் இப்போதே தர வேண்டும்.