கொள்ளைநோயும் குடித்தொகைக் கணக்கும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

கொள்ளைநோய்க்கு ஏழை பணக்காரன் என்ற பேதமில்லை என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் கூற்றாகும். கிருமியைப் பொறுத்தவரை இது உண்மையாயிருக்கலாம். நோயாளரைப் பொறுத்தவரை உண்மையன்று. யார் நோயுற்றனர், யார் இறந்தனர், யார் கணக்கில் இடம்பெற்றனர் என்பன மூன்று வெவ்வேறு வினாக்கள். இவற்றை ஒன்றெனக் கொள்ளும் புள்ளிவிபரம் சமூகத்தை விளக்குவதற்குப் பதிலாக மறைத்துவிடுகின்றது.

1918-19இல் இலங்கையைத் தாக்கிய இன்புளுவென்சா இதற்குத் தக்க சான்றாகும். 1891 முதல் 1931 வரையிலான ஐந்து குடிசன மதிப்பீடுகளை ஒப்புநோக்கிச் சந்திரா, சரத்சந்திரா ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அக்கொள்ளைநோயால் நேர்ந்த குடித்தொகை இழப்பை ஏறத்தாழ 3,07,000 என மதிப்பிடுகின்றது. இது அன்றைய மக்கள் தொகையில் 6.7 சதவீதமாகும். பிறப்புகள் குறைந்தமையும் இத்தொகையில் அடங்கும். எனினும், முந்திய மதிப்பீடுகளை விட இது மிக உயர்ந்தது என்பதும், இறப்புகள் பல இந்நோயின் பெயரில் பதிவுபெறவில்லை என அவ்வாய்வாளர் கருதுவதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

இந்நோய்க்கு உலகெங்கணும் பெருமளவிற் பலியானோர் 20 முதல் 40 வயதுக்கு உட்பட்டோரே. அதாவது உழைக்கும் பருவத்தினர். இவ்வயதுக்கூறு உயிரியலோடு தொடர்புடையது. ஆனால் பம்பாய் நகரக் கணக்கை நோக்குமிடத்து, ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேரும், ஒடுக்கப்பட்ட சாதி இந்துக்களில் 61.6 பேரும் இறந்தமை புலனாகின்றது. இவ்வேறுபாட்டை உயிரியலால் விளக்க முடியாது. நெரிசலான குடியிருப்பு, குறைந்த உணவு, நோயுற்ற நாளிலும் கூலிக்குச் செல்லவேண்டிய நிர்ப்பந்தம் ஆகியனவே இங்கு பேசுகின்றன.

இந்நோக்கில் திருகோணமலையைக் காண்போம். பிரித்தானிய ஆட்சியாளருக்கு இத்துறைமுகம் ஒரு கடற்படைத் தளம். அங்கு வாழ்ந்தோருக்கோ மீன்பிடியும் வயலும் சுமைக்கூலியும் சேர்ந்த பிழைப்பிடம். புகையிரதம் 1927இலேயே இங்கு வந்தது. மலேரியாக் காய்ச்சல் நிலைகொண்டிருந்த வரண்ட வலயத்தில், மற்றுமொரு காய்ச்சற் சாவு தனித்து நோக்கப்படாது போதல் எளிது. கடற்படை வீரனுக்குப் படை மருத்துவரின் பதிவேடு இருந்தது. கரையோரக் குடிசையில் நோயாளரைப் பராமரித்துத் தானும் படுத்துவிட்ட பெண்ணுக்கு எப்பதிவேடு இருந்தது? 1960களின் தொடக்கம் வரை இலங்கைப் பெண்களின் சராசரி ஆயுட்காலம் ஆண்களினதை விடக் குறைவாயிருந்தது என்ற உண்மையோடு இவ்வினாவை இணைத்து நோக்குதல் வேண்டும்.

நூறாண்டுகளின் பின் வந்த கொவிட்-19, முதியோரையும் ஆண்களையுமே பெரிதும் பலிகொண்டது, வயதுக்கூறு மாறியது. ஆனால் 2020 ஒக்டோபரில் இலங்கையில் நோய் பரவிய களங்கள் எவை? மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையும் பேலியகொடை மீன் சந்தையுமே. வீட்டிலிருந்து வேலைசெய்ய இயலாதவர்களின் களங்கள் அவை. மேலும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் எவரும் அறுதிப் பெரும்பான்மையின்றி வாழும் திருகோணமலை போன்ற மாவட்டத்தில், 2020 முதல் 2021 பெப்ரவரி வரை நடைமுறையிலிருந்த கட்டாயத் தகன விதி தனித்த விளைவுடையது. உறவினரின் உடலை அடக்கம் செய்ய முடியாதென அஞ்சும் குடும்பம் வைத்தியசாலைக்கு வரத் தயங்குமெனில், நோயாளர் கணக்கு நோயை மட்டும் அளப்பதாகாது. அரசின் மீதான அச்சத்தையும் அது அளக்கின்றது.

எனவே நோயாளர் அட்டவணையை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல வாசித்தல் அவசியமாகின்றது. அதன் மௌனங்களும் பொருள் உடையன. வயது, பால், இனம் என அட்டவணைகள் வகுக்கப்படுகின்றன. தொழில், கூலி, குடியிருப்பு என்னும் நிரல்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்நிரல்கள் சேர்க்கப்படும் வரை, ஒரு வர்க்கத்தின் சாவு ஓர் இனத்தின் இயல்பாகவோ ஊழின் செயலாகவோ தோன்றிக்கொண்டேயிருக்கும்.