பணம் போயிற்று, ஆர்டர் எங்கே?

இணையக் கடையில் ஒருவர் 850 ரூபாய்க்குச் சேலை வாங்குகிறார். யுபிஐயில் பணம் கட்டியாயிற்று. வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. கடையின் பக்கம் மட்டும் இன்னும் சுழன்றுகொண்டே இருக்கிறது. அவர் தவிக்கும் அந்த அரை நிமிடத்தில் பேசிக்கொள்ள வேண்டியவை இரண்டு சர்வர்கள். ஒன்று கடையுடையது, மற்றொன்று ரேஸர்பே போன்ற பணப் பரிமாற்ற நிறுவனத்துடையது. இவற்றைப் பேசவைக்கும் நிரல்தான் ஏபிஐ கனெக்டர்.

இதை அமைக்கத் தொடங்குவது எளிது. நிறுவனம் ஒரு அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும் தரும். ரகசியச் சாவி கடையின் சர்வரை விட்டு வெளியே போகவே கூடாது. வாடிக்கையாளரின் பிரவுசருக்குப் போகும் பக்கத்தில் அதை எழுதிவைப்பது கல்லாச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம். அடுத்து, அந்த நிறுவனத்தின் கணக்கு முறையைப் படிக்க வேண்டும். ரேஸர்பேயில் தொகையைப் பைசாவில்தான் சொல்ல வேண்டும். 850 என்று அனுப்பினால் எட்டரை ரூபாய்தான் வசூலாகும். 85000 என்று அனுப்ப வேண்டும்.

கடையின் கோரிக்கைக்கு நிறுவனத்தின் சர்வர் தரும் பதிலில் ஒரு எண் இருக்கும். 200 என்றால் சரி. 401 என்றால் சாவி தவறு. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள், சற்றுப் பொறுங்கள் என்று பொருள்.

பதிலே வராதபோதுதான் உண்மையான சிக்கல். கோரிக்கை போய்ச் சேரவில்லையா, சேர்ந்து வேலை முடிந்தபின் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்று கடைக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே வேலை இருமுறை நடந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் கொடுத்து முதலில் பதிந்துவைப்பார்கள்.

பதில் வராத இந்தச் சிக்கலுக்கு வெப்ஹுக் என்ற ஏற்பாடும் உதவும். பணம் வந்ததும் நிறுவனத்தின் சர்வரே கடையின் கதவைத் தட்டிச் சொல்லும். 5 விநாடிக்குள் பதில் கிடைக்காவிட்டால் ரேஸர்பே 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்பத் தட்டும். எனவே ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். தட்டியவர் யார் என்பதையும் பார்த்தாக வேண்டும். செய்தியோடு வரும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்காத கனெக்டர், 'பணம் கட்டியாயிற்று' என்று எவர் சொன்னாலும் சேலையை அனுப்பிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் நழுவலாம். நல்ல கனெக்டர் இரவில் அன்றைய வரவுப் பட்டியலை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, கடையின் ஆர்டர்களோடு வரிவரியாக ஒப்பிடும். பணம் வந்தும் பதிவாகாமல் போன அந்த 850 ரூபாய்ச் சேலை அங்கே அகப்படும். மறுநாள் காலை கூரியரில் ஏறிவிடும்.