எல் நினோ வருடத்தில் சம்பாவுக்கு மழை கிடைக்குமா?

‘இந்த வருஷம் எல் நினோவாம், மழையே இருக்காதாமே... சம்பாவுக்கு நாற்று விடலாமா, வேண்டாமா?’

எல் நினோ பற்றிய செய்தி அடிபடும்போதெல்லாம் டெல்டா விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. ‘மழை குறையும்’ என்ற அந்தச் செய்தி, பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றியது. நம் சம்பாவுக்குக் கைகொடுப்பதோ வடகிழக்குப் பருவமழை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கடலும் காற்றும்

சாதாரண வருடங்களில், பசிபிக் கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். வெதுவெதுப்பான நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளும். மழை மேகமும் அங்கேதான் திரளும். இந்தக் காற்று பலவீனமானால், வெப்பநீர் கிழக்கே பரவும். மேகமும் இடம் மாறும். இதுதான் எல் நினோ. காற்று வழக்கத்தைவிடப் பலமாக வீசினால், லா நினா.

இதன் பின்னால் உள்ள காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த இவர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே கணிக்கத்தான் உலக வானிலைப் பதிவுகளை அலசினார்.

அனுபவம் சொல்லும் கணக்கு

எல் நினோ வருடத்தில் குடகு, வயநாடு பகுதிகளில் மழை குறைந்தால், மேட்டூருக்கு நீர்வரத்து குறையும். சிக்கல் குறுவைக்குத்தான். வடகிழக்குப் பருவமழையோ தமிழ்நாட்டில் சராசரிக்கு மேல் பெய்யவே வாய்ப்பு அதிகம். 2015-ல் பலமான எல் நினோ; சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் தத்தளித்தன. 2016-ல் லேசான லா நினா, 44 செ.மீ பெய்ய வேண்டிய பருவத்தில் சுமார் 17 செ.மீ மட்டுமே கிடைத்தது. சம்பா கருகியது.

ஆனால், இதை எழுதி வைத்த சட்டமாக நினைக்க வேண்டாம். 2021 லா நினா வருடம்தான். சுமார் 71 செ.மீ கொட்டித் தீர்த்தது. இந்தியப் பெருங்கடலின் வெப்பமும், வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களும் கணக்கை மாற்றிவிடும்.

என்ன செய்யலாம்?

எல் நினோ என்றால், சம்பாவைக் கைவிட வேண்டாம். ஐப்பசிக்கு முன்பே வடிகால் வாய்க்காலைத் தூர் வாருங்கள். பள்ளமான வயல்களுக்கு, வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகம் ஏற்றது.

லா நினா என்றால், மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்து, வயது குறைந்த ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். பண்ணைக்குட்டையில் முதல் மழையையே பிடித்து வையுங்கள்.

எந்த வருடமானாலும், பயிர்க் காப்பீட்டைக் கெடுவுக்குள் செய்துவிடுங்கள்.