ஒளி சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்

"கத்தி வேண்டாம், கீமோ வேண்டாம், ஒளியே புற்றுநோயைக் கரைத்துவிடும்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஒளி தனியாகப் புற்றுநோயைக் கொல்வதில்லை. போட்டோடைனமிக் தெரபி என்ற உண்மையான சிகிச்சை இருக்கிறது. கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை வேறு, இது வேறு. இதற்கு ஒளியோடு இன்னும் இரண்டு வேண்டும்: ஒளி பட்டால் மட்டுமே வேலை செய்யும் மருந்து, கட்டிக்குள் ஆக்சிஜன். மருந்து ஒளியை உள்வாங்கி, அருகிலிருக்கும் ஆக்சிஜனைச் செல்லை அழிக்கும் வீரியத்துக்கு ஏற்றுகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பலன் இல்லை.

சிக்கல் கட்டிக்குள்தான். அங்கே புற்றுச் செல்கள் மட்டும் இல்லை. தாறுமாறாக முளைத்த ரத்தக் குழாய்கள், இறுகிய நார்த்திசு, கட்டிக்கு அடங்கிப்போன நோயெதிர்ப்புச் செல்கள் எல்லாம் சூழ்ந்திருக்கின்றன. ரத்தம் ஒழுங்காகப் போகாத இடங்களில் ஆக்சிஜன் பஞ்சம். இருக்கிற கொஞ்சத்தையும் சிகிச்சை செலவழித்துவிடும். இடையிடையே ஆக்சிஜன் மீண்டும் சேரட்டும் என்றுதான் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சும் முறைகள் வந்தன. ஆழமும் ஒரு தடை: உள்ளே அதிகம் புகும் சிவப்பொளிகூடத் திசுவுக்குள் சுமார் 1 செ.மீ. தாண்டுவது அரிது. ஆகவே தோல், உணவுக்குழாய், மூச்சுக்குழாய் போன்ற ஒளி எட்டும் இடங்களில்தான் இது உதவும். உடலெங்கும் பரவிய நோயை இது மட்டும் குணப்படுத்தும் என்பவரை நம்பாதீர்கள். இந்தச் சிகிச்சைக்கான போர்ஃபைமர் சோடியம் என்ற மருந்துக்கு 1993இல் கனடாவும் 1995இல் அமெரிக்காவும் தந்த அனுமதி குறிப்பிட்ட சில புற்றுகளுக்கு மட்டுமே.

அந்த மருந்து ஏற்றியபின் குறைந்தது 30 நாள் உடலில் வெயில் படக் கூடாது. பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும், கண்ணும் கூசும். நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயமல்ல. சன்ஸ்கிரீன் காக்காது, அது பெரும்பாலும் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும், இங்கே தீங்கு செய்வதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. முழுக்கை உடை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டும். பல் மருத்துவரின் விளக்குகூட ஆபத்து, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்காக இருட்டறையில் அடைந்து கிடக்கவும் கூடாது. வீட்டின் சாதாரண வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தை மெல்லச் சிதைக்கும்.

எந்த மருந்து, எந்தப் புற்றுக்கு அனுமதி பெற்றது, என் கட்டியின் ஆழம் எவ்வளவு, வேறு சிகிச்சை என்ன என்று கேளுங்கள். பதில் பெறுவது உங்கள் உரிமை. ஆய்வு நிலையிலுள்ள மருந்தென்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அந்த ஆய்வு பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆய்வில் சேருமுன் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பார்க்கத் தயங்காதீர்கள்.

புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் தரலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை அலட்சியமாக நடந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகுங்கள். அதற்கு முன் உள்நோயாளிப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும்.