கீமோ எதற்கு என்று நோயாளிக்குத் தெரியுமா?

"உங்களுக்குப் புற்றுநோய்" என்று நோயாளியிடமே சொல்லலாமா? ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே இது பெரிய கேள்வி. 1961-ல் சிகாகோவில் 219 மருத்துவர்களைக் கேட்டபோது, 90 சதவீதம் பேர் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் ரோச்செஸ்டரில் அதே மாதிரி கேட்டால், 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு வருஷத்தில் தலைகீழ். அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. நோயின் பெயர் தெரிவது வேறு, சிகிச்சை எதற்கு என்று தெரிவது வேறு.

2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஜேன் வீக்ஸ் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 1,193 நோயாளிகள். நுரையீரல் அல்லது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். நான்காம் நிலை, அதாவது நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டது. எல்லோரும் கீமோ எடுத்துக்கொண்டவர்கள். இந்த நிலையில் கீமோ ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாம், வலி, மூச்சுத்திணறல் போன்ற தொந்தரவுகளைக் குறைக்கலாம். கீமோவை மட்டும் வைத்து நோயைக் குணப்படுத்த முடியாது.

அவர்களிடம் கேட்டது இதுதான்: "கீமோ உங்கள் நோயைக் குணப்படுத்த எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?" "வாய்ப்பே இல்லை" என்பதுதான் சரியான பதில். நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம் பேரும், குடல் நோயாளிகளில் 81 சதவீதம் பேரும் அந்தப் பதிலைச் சொல்லவில்லை.

படிப்புக்கும் இதற்கும் தொடர்பு தென்படவில்லை. இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. "என் டாக்டர் ரொம்ப நன்றாகப் பேசுகிறார்" என்று அதிக மதிப்பெண் போட்டவர்களிடம்தான் தவறான நம்பிக்கை கூடுதலாக இருந்தது! கசப்பைச் சொல்கிற டாக்டருக்கு மார்க் குறைகிறதோ என்னவோ. ஆக, நோயாளியின் திருப்தியை வைத்து அவருக்குப் புரிந்ததா என்று அளக்க முடியாது.

ஏன் புரிவதில்லை? வார்த்தையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "மருந்து கேட்குது" என்கிறோம். காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் காய்ச்சல் போய்விடும். புற்றுநோய் மருத்துவத்தில் அப்படி இல்லை. ஸ்கேனில் கட்டிகளின் நீளங்களைக் கூட்டி, அது 30 சதவீதமாவது குறைந்தால் "பகுதி ரெஸ்பான்ஸ்" என்று எழுதுவார்கள். டாக்டர் சொல்வது கட்டி சுருங்கியதை. வீட்டுக்காரர்கள் காதில் விழுவது "குணமாகுது". இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

உள்ளுக்குள் தெரிந்திருந்தும் வாயால் சொல்ல மனசு வராதவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம். நம்பிக்கையைப் பிடுங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குணமாகிவிடும் என்று நம்புகிறவர் எடுக்கும் முடிவு வேறு. நகையை விற்பது, வாந்தியையும் சோர்வையும் பொறுத்துக்கொள்வது, ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

நம் நாட்டிலும் 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிகிச்சையின் நோக்கம், பலன், மாற்றுவழி, முக்கியமான ஆபத்து எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்கவேண்டும் என்றது. நடைமுறையில், பல வீடுகளில் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அடுத்தமுறை கேட்க மூன்று கேள்விகள்: இந்த மருந்து குணப்படுத்தவா, ஆயுளை நீட்டவா, தொந்தரவைக் குறைக்கவா? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? எப்போது நிறுத்துவோம்? பதிலைக் கேட்டபிறகு, "நான் புரிந்துகொண்டது இது, சரியா டாக்டர்?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.