பிள்ளையின் வயிற்றுக்குத்து நடிப்பு அல்ல



"காலமை எழும்பினவுடனே வயிற்றுக்குத்து எண்டுறான். பள்ளிக்கூட நேரம் போனாப்பிறகு சுகமாயிடுது. கள்ளம் போலக் கிடக்கு." இப்படி நினைத்துப் பேசிவிடும் பெற்றோர் எங்களில் பலர். ஆனால் அந்த நோ உண்மையான நோ.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், எங்கள் மக்கள் மனத்துயரைப் பெரும்பாலும் உடல் நோவாகவே வெளிப்படுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இங்கு பலெர்மோவில் வளரும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

பயமோ கோபமோ வந்தால் மூளை அபாய மணி அடிக்கும். அட்ரினலின் சுரக்கும். ஓடவோ சண்டை பிடிக்கவோ உடம்பு ஆயத்தமாகும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். இரத்தம் தசைகளுக்குப் போவதால் சமிபாடு மந்தமாகி வயிறு பிரட்டும். மூச்சு வேகமானால் தலை சுற்றும், விரல்கள் விறைக்கும். சில பிள்ளைகள் மாறாக, ஒன்றும் உணராமல் கல்லுப் போல இருந்துவிடுவார்கள். அதுவும் பயத்தின் ஒரு முகம்தான்.

உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி 20 வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். மனச்சோர்வு, பதகளிப்பு உள்ள பிள்ளைக்கு அபாய மணி சின்ன விஷயத்துக்கும் அடிக்கும், அடங்க நேரமும் எடுக்கும். "அடக்கு, அழாதே" என்றால் அது அடங்காது.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் போன்றவையும் படபடப்பைத் தரும்.

2. உள்மூச்சிலும் வெளிமூச்சை நீளமாக விடப் பழக்குங்கள். 4 எண்ணி எடுத்து 6 எண்ணி விடலாம். வெளிமூச்சு நீளும்போது இதயம் மெதுவாகும். நீங்களும் கூட இருந்து செய்யுங்கள். சுகமாக இருக்கும் நேரத்திலேயே பழகினால்தான் பதட்டத்தில் கைகொடுக்கும்.

3. பெயர் சொல்லக் கேளுங்கள்: "எங்க நோகுது? பயமோ, கோபமோ, வெட்கமோ?" பெயர் வைத்தால் உணர்ச்சியின் வேகம் கொஞ்சம் குறையும்.

4. சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மொந்தே பெல்லெக்ரீனோ ஏறும்போது எல்லோருக்கும் நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும். பிள்ளையோடு ஏறி, "இதுவும் அதே படபடப்புத்தான், ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று காட்டுங்கள். படபடப்பைக் கண்டு வரும் பயம் குறையும்.

சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு செய்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பகுதியினர் நடந்ததைக் கதையாகச் சொன்னார்கள், மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். 6 அமர்வுகள்தான். இரு பகுதியிலும் பெரும்பாலானோர் தேறினார்கள். ஆகவே இது மாறாத வருத்தம் அல்ல.

எங்கே போவது?

குடும்ப டொக்டரிடம் அல்லது பிள்ளை டொக்டரிடம் (பெதியாத்ரா) தொடங்குங்கள். 'கொன்சுல்தோரியோ ஃபமிலியாரே'க்கு டொக்டரின் கடிதம் இல்லாமலே போகலாம். மொழி விளங்காவிட்டால் 'மெதியத்தோரே' கேளுங்கள். வருத்தக்காரப் பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள். தன் துயரத்தை அது உங்கள் முன் மறைத்துவிடும்.

விசா இல்லாத பிள்ளைகளையும் சுகாதார சேவையில் பதியலாம் என்பதை 2017ஆம் ஆண்டின் விதிகள் உறுதிசெய்தன. விசா இல்லை என்பதற்காக வைத்தியசாலை பொலிசுக்கு அறிவிக்கக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பயந்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

உடனே உதவி தேடுங்கள்

பிள்ளை தன்னை வெட்டிக்கொண்டால், "இருந்து என்ன பிரயோசனம்" என்றால், சாப்பாடும் நித்திரையும் விட்டால் காத்திருக்க வேண்டாம். "சாக நினைக்கிறியோ?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. மருந்து, கூரிய சாமான்களை எட்ட வையுங்கள், தனிய விடாதீர்கள். உயிராபத்தென்றால் 112. பிள்ளை தானே பேச விரும்பினால் 'தெலெஃபோனோ அட்சூரோ' 19696, இலவசம்.

ஊர் என்ன சொல்லும் என்ற யோசனை எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஊர் சொல்வதை விடப் பிள்ளை சொல்வதுதான் முக்கியம். "வயிறு நோகுது" என்று நாளைக்குச் சொன்னால், பக்கத்தில் இருந்து கேளுங்கோ.