முகத்துக்குப் போடும் டியூப்: சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்



நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு தாய் தன் மகளுடன் என் மருந்துக்கடைக்கு வந்தார். "அதே டியூப் ரெண்டு குடுங்கண்ணே. ரெண்டு நாள் போடலைன்னா மூஞ்சி தீயா எரியுதுங்குது" என்றார். மகள் கல்லூரியில் படிக்கிறது. துப்பட்டாவை மூக்குவரை இழுத்துப் பிடித்திருந்தது. தாய் விலக்கிக் காட்டினார். இரண்டு கன்னமும் சிவந்து, நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. தாடையில் பூனைமுடி, நெற்றி நிறையப் பரு. ஒன்பது மாதமாகப் போடுகிறதாம். முதல் டியூப் ஒரு கல்யாண வீட்டில் மாமி முறையானவர் கொடுத்தது. மற்றதெல்லாம் கடைகளில் வாங்கியது. அதில் இரண்டொன்றை நானே கொடுத்திருப்பேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த டியூப் கெட்ட மருந்து இல்லை. தோல் மருத்துவர்கள் மங்குக்கு எழுதிக்கொடுக்கும் மருந்துதான். 1975-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவரும் அவருடைய சக மருத்துவரும் மூன்று மருந்துகளைக் கலந்து இந்த வகை கிரீமைச் செய்தார்கள். ஒன்று ஹைட்ரோகுயினோன், இது தோலில் கறுப்பு நிறமி உருவாவதைக் குறைக்கும். இரண்டாவது ட்ரெட்டினாயின், மேல்தோலைச் சீக்கிரம் உதிரவைத்துப் புதுத்தோலைக் கொண்டுவரும். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. முதல் இரண்டும் கொடுக்கும் எரிச்சலை அடக்குவதற்காகச் சேர்த்தது. 2002-ல் அமெரிக்க அரசு இதே மாதிரி ஒரு கலவைக்கு அனுமதி கொடுத்தபோது எட்டு வாரம் வரைக்கும்தான் என்று சொன்னது. அதிலிருந்த ஸ்டீராய்டும் வீரியம் குறைந்தது. நம் கடைகளில் அதிகம் விற்கும் கலவைகளில் இருப்பது மொமெட்டசோன். அதைவிட வீரியமானது. அதையும் எட்டு மாதம், பத்து மாதம் என்று போடுகிறோம்.

ஸ்டீராய்டு போட்ட முதல் பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் சிவப்பும் வீக்கமும் அடங்கும், நிறமும் சற்று வெளுக்கும். "டியூப் நல்லா கேக்குது" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லுவோம். உள்ளே தோல் மெலிந்துகொண்டு வரும். நம் ஊரில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும், சீவி மெல்லிசாக்கிய தோலை மறுபடி தடிப்பாக்க முடியாது. முகத்தோல் உயிருள்ளது என்பதால் ஓரளவு தேறும். ஆனால் அதற்கு மாதக்கணக்கு ஆகும், சில அடையாளங்கள் நின்றுவிடும். மருந்தை நிறுத்தியதும் சுருங்கியிருந்த குழாய்கள் விரிந்து முகம் எரியும். எரிகிறது என்று மறுபடி போடுவோம். இப்படியே முகம் அந்த டியூப்புக்கு அடிமையாகிவிடும்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. இந்தியாவில் 12 மையங்களின் தோல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. முகத்தில் பிரச்சினை என்று வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர், முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைப் போடச் சொன்னவர் மருத்துவரே இல்லை. தோல் மருத்துவர் சங்கம் விடாமல் வற்புறுத்திய பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. கடைக்காரன் கை இன்னும் நீளத்தான் செய்கிறது.

வாங்கும்போது டப்பாவில் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு என்று விற்கும் கலவைகள் பலவற்றிலும் இது ஒளிந்திருக்கும். அதைப் போட்டால் அரிப்பு மட்டும் அடங்கும், படை உள்ளுக்குள்ளே பரவும்.

நம் தோலுக்கு ஒரு குணம் உண்டு. வெள்ளைக்காரர் தோலிலும் நம் தோலிலும் நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்முடையவை அதிகமாக, பெரிதாக நிறமி செய்கின்றன. வெயிலில் தோலுக்கு அதுதான் குடை. அதே குணத்தால் எந்தக் காயம், எந்த எரிச்சல் வந்தாலும் அந்த இடம் கறுத்துவிடுகிறது. பரு ஆறினால் கறுப்பு, கொசு கடித்துச் சொறிந்தால் கறுப்பு, வீரியமான கிரீம் போட்டு எரிந்தால் அதற்கும் கறுப்பு. "எரியுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆகவே மருத்துவர் இந்த மருந்தை எழுதிக்கொடுத்தால் எப்படிப் போடுவது? முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். இரவு இஷா தொழுத பிறகு, முகத்தைக் கழுவி நன்றாக உலர்ந்ததும், கறுத்த இடத்தில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். முகம் முழுவதற்கும் அல்ல. ஒரு பட்டாணி அளவு போதும். கண் ஓரம், உதட்டு ஓரம் வேண்டாம். எத்தனை வாரம் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதவில்லையென்றால் கேளுங்கள், மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பலன் தெரிய நாலு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு இரண்டு வேளை போட்டால் கெடுதல்தான். டியூப்பில் கிரீம் பழுப்பாக மாறியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் போட்டால் வேறொரு விபரீதம் வரும். வெளுக்க வேண்டிய இடம் நீலம் கலந்த கறுப்பாகி, சொரசொரப்பாகிவிடும். அது எளிதில் போகாது. தென்னாப்பிரிக்காவில் ஏராளமான பெண்களுக்கு இப்படி ஆனதைப் பார்த்த பிறகு 1990-ல் அந்த நாடு அழகு கிரீம்களில் அதைத் தடை செய்தது.

பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் இரவு மருந்து போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு லேசான தோல் நிறம் சேர்த்த, அயர்ன் ஆக்சைடு உள்ள வகை நல்லது. நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு சிரமம் உண்டு. ஒளு செய்யும்போது பூசியது போய்விடும். லுஹருக்கு ஒளு செய்து தொழுததும் மறுபடி பூசுங்கள், வெயில் நேரம் அதுதான். அடுப்புச் சூடும் மங்கைக் கூட்டும்.

கர்ப்பமாக இருப்பவர்களும், பிள்ளைக்கு முயற்சி செய்பவர்களும் இந்த மூன்று மருந்துக் கலவையைத் தொடக் கூடாது. கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானாகவே மங்கிவிடும், பொறுத்திருங்கள். மங்குக்கு ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையும் இப்போது எழுதுகிறார்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் அதே மாத்திரைதான். ரத்தம் உறைவதற்கு உதவுவது என்பதால், உங்களுக்கோ குடும்பத்திலோ கால் நரம்பில் ரத்தம் கட்டியது, பக்கவாதம், மாரடைப்பு இருந்தாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நிறத்துக்கு என்று போடும் குளுட்டாதயோன் ஊசி பக்கமே போக வேண்டாம். பிலிப்பைன்ஸ் அரசு 2011-லேயே அதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது.

சீட்டும் இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்ற எழுத்தும் இல்லாமல், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் டப்பா இதையெல்லாம்விட மோசம். பக்கத்து மாநிலத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்தது இது. அங்கே ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் போகும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரைப் பரிசோதித்தார்கள். 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். கிரீம்களைச் சோதித்தால் பாதரசம். இந்த நோயின் அறிகுறி முகத்தில் தெரியாது. சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். அப்படி இருந்தால் கிரீமை நிறுத்தி, டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். பாதரசம் பூசியவரோடு நிற்காது. தலையணை, துண்டு வழியாகக் குழந்தைக்கும் போகும்.

கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அதற்குக் கிரீம் தேடாதீர்கள். பெரும்பாலும் அது உடல் எடையும் சர்க்கரையும் காட்டும் அடையாளம். அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் கழுத்தைப் புண்ணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள்.

மங்கையும் பரு வடுவையும் மருந்து குறைக்கும். பிறந்த நிறத்தை எந்த மருந்தும் மாற்றாது. மாற்றுகிறேன் என்பவர் மருத்துவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பெண் பார்க்க வருகிறார்கள், ஒரு மாதத்தில் முகத்தை வெளுக்க வையுங்கள் என்று கேட்டு வரும் தாய்மார்களிடம் இப்போதெல்லாம் இதையே சொல்கிறேன். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு அன்று நான் டியூப் கொடுக்கவில்லை. ஆனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள் என்று சொல்லி, மறுநாள் காலையிலேயே தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்ட முகத்தை மருத்துவர் பார்வையில்தான் விடுவிக்க வேண்டும். வீரியம் குறைந்ததுக்கு மாற்றி, படிப்படியாகக் குறைத்தார்கள். முதல் மூன்று வாரம் முகம் இன்னும் மோசமாகத்தான் இருந்தது. தாய் இரண்டு முறை என்னிடம் வந்து அழுதார். ஐந்து மாதத்துக்குப் பிறகு எரிச்சல் நின்றது. கன்னத்தில் அந்த ரத்தக் குழாய்கள் இன்னும் கொஞ்சம் தெரிகின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டியூப் இருந்தால், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலை வெளிநோயாளர் நேரத்தில் தோல் பிரிவுக்கு டப்பாவோடு போய்க் காட்டுங்கள். பெயர் தெரியாத கிரீம் என்றால் என் கடைக்கு வாருங்கள், பொடி எழுத்தைச் சேர்ந்து படிப்போம்.